விடுப்பு விண்ணப்ப நடையும் வணிக மின்னஞ்சலும்: திருப்பூர் பி.காம். வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருப்பூர் மாவட்டத்தில் உள்ள ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில், 2023–24 கல்வியாண்டின் இரண்டாம் பாதியில், இரண்டாம் ஆண்டு பி.காம். மாணவர்களுக்கு இடைநிலை வணிக ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட விதத்தையும் அதில் தெரியவந்தவற்றையும் இவ்வாய்வு பதிவு செய்கிறது. வகுப்பை நடத்திய ஆசிரியன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கல்லூரியின் பெயரும் மாணவர்களின் பெயர்களும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன. இடைநிலை மாணவர்கள் ஒரு கட்டத்துக்கு மேல் நகராமல் தேங்கிவிடுவதற்கு இலக்கணக் குறையும் சொல்வளக் குறையுமே காரணம் என்று ஆசிரியர் அறைகளில் வழக்கமாகச் சொல்லப்படும். இந்த வகுப்பில் நான் கண்டது வேறு. ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியதும் இம்மாணவர்கள் எல்லோருக்கும் விண்ணப்பதாரர்களாகவே எழுதினார்கள். வணிகக் கடிதத்தை எழுதுபவரோ, பெறுபவருக்குத் தெரியாத தகவலைக் கையில் வைத்திருப்பவர். இந்த இட மாற்றத்தைக் கற்பிக்க என்ன செய்யப்பட்டது, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதே இங்கு பொருள்.

வகுப்பும் ஊரும்

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தையல் எந்திரங்களே நினைவுக்கு வரும். ஆனால், ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் அன்றாடத்தில் பெரும்பகுதி மின்னஞ்சலில் நடக்கிறது. வெளிநாட்டு பையர், அதாவது ஆடையை வாங்குபவர், அனுப்பும் டெக் பேக் என்ற ஆடை விவர ஆவணத்தைப் பெற்றுப் புரிந்துகொள்வது, லேப் டிப் எனப்படும் சாயமேற்றிய சிறு துணி மாதிரிக்கு நிற ஒப்புதல் வாங்குவது, ஃபிட் சாம்பிள் (பொருத்தம் பார்க்கும் மாதிரி), சைஸ் செட் (எல்லா அளவுகளிலும் தைத்த மாதிரிகள்), பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) என்று ஒவ்வொரு படியிலும் பதில் வாங்குவது, நிட்டிங், சாயம், காம்பேக்டிங் (துணி பின்னர் சுருங்காமலிருக்கச் செய்வது), கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் ஆகிய பிரிவுகளில் நடப்பதை பையருக்கு உடனுக்குடன் தெரிவிப்பது என எல்லாம் மெர்ச்சண்டைசரின் பொறுப்பு. பி.காம். முடிக்கும் இளைஞர்களில் பலர் உதவி மெர்ச்சண்டைசராகவோ ஏற்றுமதி ஆவணப் பிரிவிலோ, டேலி தெரிந்தால் கணக்குப் பிரிவிலோ சேர்கிறார்கள். ஆகவே, இவ்வூரில் வணிக ஆங்கிலம் என்பது நேர்முகத் தேர்வில் காட்டிவிட்டு மறந்துவிடும் திறன் அன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அது கையில் இருக்க வேண்டும்.

வகுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள். ஏறக்குறைய எல்லோர் வீட்டிலும் ஒருவராவது பனியன் கம்பெனியிலோ அதைச் சார்ந்த ஜாப் ஒர்க் பிரிவிலோ வேலை செய்துகொண்டிருந்தார். ஆங்கிலவழியில் படித்து வந்த சிலரும் இருந்தனர். அவர்களுக்குச் சரளம் இருந்தது, தொழில் தெரியாது. இந்த இரு பிரிவினருக்கும் இடையிலான வேறுபாடு பின்னால் நான் எதிர்பாராத வகையில் பயன்பட்டது.

ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலின்படி சொன்னால், வகுப்பின் நடுத்தர மாணவர் பி1 நிலையில் இருந்தார்: பழகிய பொருளைப் பற்றித் தொடர்ச்சியாக எழுத முடியும், எளிய உரையாடலில் சமாளிக்க முடியும், எதிர்பாராத கேள்வி வந்தால் நின்றுவிடுவார். அடுத்த படியான பி2-வை எட்டுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதில் மாயை எதுவும் வேண்டியதில்லை. பி1 வரை மொத்தம் 350 முதல் 400 மணி நேரமும், பி2 வரை 500 முதல் 600 மணி நேரமும் வழிகாட்டலுடன் கற்க வேண்டியிருக்கும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீடு. தொண்ணூறு வேலை நாள்கள் கொண்ட ஒரு செமஸ்டரில், வாரத்துக்கு ஆறு வகுப்பு என்று வைத்துக்கொண்டாலும் தாளில் 90 மணி நேரம்தான் வருகிறது. இன்டர்னல் தேர்வுகள், பொங்கல் விடுமுறை, விளையாட்டு விழா, ஆண்டு விழா ஒத்திகை ஆகியவை போக மிஞ்சுவது அதைவிடக் குறைவு. ஒரு செமஸ்டரில் ஒரு நிலையையே தாண்டிவிடலாம் என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. எனவே, நான்கு திறன்களையும் சமமாக வளர்க்கும் திட்டத்தைக் கைவிட்டு, பையருக்கு எழுதும் மின்னஞ்சல் என்ற ஒன்றைச் சுற்றியே அந்த செமஸ்டரை அமைத்தேன்.

முதல் கடிதங்கள்

தொடக்கத்தில் மாணவர்களின் நிலையை அறிய ஒரு சூழல் தரப்பட்டது. திங்கட்கிழமை கூரியரில் அனுப்பியிருக்க வேண்டிய சைஸ் செட் சாம்பிள் இன்னும் போகவில்லை. எப்போது வரும் என்று பையர் மூன்று வரியில் கேட்டிருக்கிறார். மாணவருக்குத் தரப்பட்ட குறிப்பில் மூன்று தகவல்கள் இருந்தன. காம்பேக்டிங்கிலிருந்து துணி தாமதமாக வந்தது என்பது ஒன்று. சாம்பிள் புதன்கிழமை கிளம்பும் என்பது மற்றொன்று. எக்ஸ்.எல். அளவில் மார்புச் சுற்று அனுமதித்த வரம்பைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வந்திருப்பதால், அப்படியே அனுப்புவதா, திருத்தி அனுப்புவதா என்று பையர் முடிவு சொல்ல வேண்டும் என்பது மூன்றாவது.

வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, ‘ஆஸ் த ஃபேப்ரிக் வாஸ் நாட் ரிசீவ்ட் இன் டைம், வீ ஆர் அனேபிள் டு சென்ட் த சாம்பிள்’ என்று காரணத்தை முதலில் வைத்து, ‘ஸோ கைண்ட்லி எக்ஸ்க்யூஸ் அஸ்’ என்று மன்னிப்பு வேண்டி, ‘தேங்கிங் யூ’ என்று முடிந்தன. இந்த வாக்கியங்களில் சிவப்பு மையால் சுழிக்கும்படியான இலக்கணப் பிழை இல்லை. ஆனால், பையர் கேட்டது எப்போது வரும் என்பது. புதன்கிழமை என்ற சொல் பல கடிதங்களில் இல்லவே இல்லை. எக்ஸ்.எல். அளவுப் பிரச்சினையை மிகச் சிலரே எழுதியிருந்தனர். எழுதியவர்களும் அதைக் குற்ற ஒப்புதல் போல, மன்னிப்புக்குள் புதைத்திருந்தனர். பையர் முடிவு சொல்ல வேண்டிய விஷயம் அது என்று தெரியும்படி கேள்வியாகக் கேட்டவர் அநேகமாக இல்லை.

இந்த அச்சு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த எவரிடம் கேட்டாலும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஆங்கிலக் கடிதம் ஒன்று உண்டு. ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கும் விடுப்பு விண்ணப்பம்தான் அது. பல மாணவர்களுக்குப் பள்ளிக் காலம் முழுவதிலும் உண்மையான தேவைக்காக எழுதிய ஆங்கிலம் அது ஒன்றே. அதில் அதிகாரம் முழுவதும் பெறுபவரிடம் இருக்கிறது. எழுதுபவரிடம் இருப்பது ஒரு காரணம் மட்டும். அது இரக்கம் வரும்படி முதலில் வைக்கப்படுகிறது. கோரிக்கை கடைசியில் வருகிறது. தலைமையாசிரியர் எதையும் யோசித்து முடிவெடுக்க வேண்டியதில்லை, ‘கிராண்ட்’ செய்தால் போதும். பன்னிரண்டு ஆண்டுகள் பழகிய இந்த இருக்கையிலிருந்தே மாணவர்கள் பையருக்கும் எழுதினார்கள். பையரைத் தலைமையாசிரியராக்கிவிட்டார்கள் என்று வகுப்பில் நான் சொன்னபோது சிரித்தார்கள்; அடுத்த வாரமும் அப்படியே எழுதினார்கள். ஒரு பழக்கத்தைச் சுட்டிக்காட்டுவதால் மட்டும் அது போய்விடுவதில்லை.

தமிழரின் பணிவுதான் இதற்குக் காரணம் என்று ஒரு விளக்கம் சொல்லப்படுவது உண்டு. நான் அதை ஏற்கவில்லை. இதே மாணவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த வணிகத் தமிழில் அந்தக் குழைவு கிடையாது. ஒரு மாணவரின் தந்தை சிறிய கட்டிங் பிரிவு ஒன்றை நடத்துகிறார். அவர் சாயப்பட்டறைக்கு போன் செய்தால் எப்படிப் பேசுவார் என்று கேட்டபோது, அம்மாணவர் சற்றும் தயங்காமல் சொன்னார்: “அண்ணா, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள துணி வரலீங்கன்னா கட்டிங் நின்னு போயிருமுங்க. எப்ப வண்டி ஏத்துவீங்கன்னு மட்டும் சொல்லுங்க.” மரியாதை குறையவில்லை, அண்ணா என்ற விளியும் ‘ங்க’ விகுதியும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. ஆனால், கெடு இருக்கிறது, தவறினால் என்ன ஆகும் என்பது இருக்கிறது, பதில் சொல்லியே தீர வேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது. நல்ல வணிக மின்னஞ்சலுக்கு வேண்டிய மூன்றும் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிட்டன. மாணவர்களிடம் இத்திறன் இல்லாமலில்லை. ஆங்கிலப் பாடவேளையின் வாசலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரும்படி நாம்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறோம்.

போனில் தமிழ், மெயிலில் ஆங்கிலம்

இதன் பிறகு பாடத்திட்டத்தின் வரிசையை விட்டு விலக நேர்ந்தது. திருப்பூர் நிறுவனங்களில் பணியாற்றும் முன்னாள் மாணவர்களிடம் விசாரித்தபோது, அவர்கள் எழுதும் ஆங்கில மின்னஞ்சல்களில் கணிசமானவை தமிழில் நடந்த பேச்சின் பதிவுகள் என்பது தெரியவந்தது. சாயப்பட்டறை மாஸ்டரிடம் தமிழில் பேசுவார்கள். பையரின் திருப்பூர் அல்லது பெங்களூர் அலுவலகத்தில் இருப்பவரும் தமிழராகவே இருந்தால் அவரிடமும் தமிழில் பேசுவார்கள். பின்னர் ‘ஆஸ் டிஸ்கஸ்ட்’ என்று தொடங்கி, பேசியதை ஆங்கிலத்தில் எழுதி, வெளிநாட்டு அலுவலகத்துக்கும் நகல் போட்டு அனுப்புவார்கள். பின்னாளில் தகராறு வந்தால் சாட்சியாக நிற்பது அந்த மெயில்தான். ஒரு மொழியில் கேட்டதை வேறொரு மொழியில் வேறொருவருக்கு எடுத்துரைக்கும் இத்திறனுக்கு ஐரோப்பிய அளவுகோலின் 2020-ஆம் ஆண்டுத் துணைத்தொகுதியில் தனியாகப் படிநிலை விளக்கங்கள் உள்ளன. நம்முடைய பல்கலைக்கழகத் தாளிலோ வெளித்தேர்வுகளிலோ இதற்கு மதிப்பெண் கிடையாது. வேலையில் தினமும் நடப்பது, தேர்வில் ஒருமுறையும் கேட்கப்படுவதில்லை.

ஆகவே, பயிற்சி இவ்வாறு அமைக்கப்பட்டது. இரு மாணவர்கள் சாயப்பட்டறை மாஸ்டராகவும் மெர்ச்சண்டைசராகவும் தமிழில் போனில் பேசுவார்கள்; மற்றவர்கள் கேட்டுக் குறிப்பெடுத்து, பையருக்கு ஆங்கில மெயில் எழுத வேண்டும். பேச்சுக்கான சூழலை முதலில் நானே எழுதிக் கொடுத்தேன். பின்னர் வீட்டில் விசாரித்து அவர்களே கொண்டுவந்தார்கள், அவை என்னுடையவற்றைவிட நன்றாக இருந்தன.

அவற்றில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். நேவி ப்ளூ துணியில் ஒரு லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதி), ஒப்புதல் பெற்ற லேப் டிப்பைவிட ஒரு டோன் வெளிறி வந்துவிட்டது. மறுபடியும் சாயம் ஏற்றினால் இரண்டு நாள் ஆகும் என்று மாஸ்டர் சொல்கிறார். பேச்சு முடிந்ததும் எல்லோரும் எழுதத் தொடங்கினர். வகுப்பில் பெரும்பாலும் வாய் திறக்காத ஒரு மாணவி மட்டும் எழுதாமல் இருந்தார். அவருடைய தாயார் ஒரு நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறார். ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, “சார், அந்தத் துணி இன்னும் ரோல்லதான் இருக்குதுங்களா, இல்ல கட் பண்ணிட்டாங்களா?” என்று திருப்பிக் கேட்டார். சூழலை எழுதிய மாணவர்கள் அதை யோசித்திருக்கவில்லை, நானும் யோசித்திருக்கவில்லை. துணி ரோலில் இருந்தால் மறுபடியும் சாயப்பட்டறைக்கு அனுப்பலாம், பையரிடம் இரண்டு நாள் கேட்டால் போதும். வெட்டிவிட்டார்கள் என்றால் அந்த வழி அடைபட்டுவிடும். அந்த லாட்டை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று துணியின் மாதிரியை அனுப்பி ஒப்புதல் கேட்க வேண்டும், இல்லையென்றால் புதிதாகத் துணி போட வேண்டும். இரண்டும் வெவ்வேறு கடிதங்கள். அந்தக் கேள்விக்கு முன் எழுதப்பட்ட மெயில்கள் அனைத்தும், மொழி எவ்வளவு செம்மையாக இருந்தாலும், பையருக்குப் பயனற்றவை.

அந்த மாணவியை, சரளமாக எழுதக்கூடிய ஆங்கிலவழி மாணவர் ஒருவருடன் இணைத்து எழுதச் சொன்னேன். அவர்கள் கொடுத்த மெயிலின் பொருள் (சப்ஜெக்ட்) வரியில் ஸ்டைல் எண், நிறம், ‘வியாழனுக்குள் முடிவு தேவை’ என்ற மூன்றும் இருந்தன. முதல் வாக்கியத்தில் எத்தனை கிலோ துணி, எந்த லாட், எவ்வளவு வேறுபாடு. அடுத்து, துணி இன்னும் ரோலில் உள்ளது, வெட்டப்படவில்லை. அதற்கடுத்து, மறுசாயம் ஏற்றினால் இரண்டு நாள் ஆகும், ஆனால் எக்ஸ்-ஃபேக்டரி தேதி (சரக்கு ஆலையை விட்டுக் கிளம்பும் தேதி) மாறாது, ஏனெனில் மற்ற நிறங்களை முதலில் வெட்டிக்கொள்வோம். கடைசியில் ஒரே கேள்வி. ‘கைண்ட்லி’ என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. மற்ற நிறங்களை முதலில் வெட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை அம்மாணவியுடையது. அதை ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக்கியது அந்த மாணவர். அதில் ஓர் ஆர்ட்டிகிள் விடுபட்டிருந்தது. நான் திருத்தவில்லை.

இதற்குப் பிறகு இணைகளை வேண்டுமென்றே இப்படிக் கலந்து அமைத்தேன். தொழில் தெரிந்தவர், மொழி தெரிந்தவர் என்ற பிரிவினை வகுப்பில் ஓர் ஏற்றத்தாழ்வாகவே அதுவரை இருந்தது. ஆங்கிலம் பேசுபவர் மேலே, மற்றவர் கீழே. பையருக்குச் சொல்லப்பட வேண்டிய தகவல் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி வந்ததும் அந்த வரிசை அடிக்கடி புரண்டது. தமிழ்வழி மாணவர்களின் எழுத்தில் விண்ணப்பக் குழைவு குறையத் தொடங்கியதும் இந்தக் கட்டத்தில்தான் என்று என் குறிப்பேடு காட்டுகிறது. தைரியமாக எழுதுங்கள் என்று நான் முன்பு சொல்லிக்கொண்டிருந்ததற்குப் பலன் இருந்ததாகத் தெரியவில்லை.

தேர்வுகள் தந்ததும் தராததும்

வகுப்புக்கு உறுதுணையாகக் கேம்பிரிட்ஜின் வணிக ஆங்கிலச் சான்றிதழ்த் தேர்வின் அமைப்பைப் பயன்படுத்திக்கொண்டேன். 1993-இல் சீனாவில் தொடங்கப்பட்ட இத்தேர்வு, பின்னர் பிரிலிமினரி, வேன்டேஜ், ஹையர் என்ற மூன்று நிலைகளாக உலகெங்கும் நடத்தப்பட்டது. 2000-களில் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகள் பலவற்றிலும் மாணவர்கள் இதற்குத் தயார் செய்யப்பட்டனர். கலைக் கல்லூரிகளின் வணிகவியல் மாணவர்களைவிடப் பொறியியல் மாணவர்களுக்கே வணிக ஆங்கிலம் முதலில் தேவை என்று அன்று எப்படித் தோன்றியதோ!

வேன்டேஜ் தேர்வின் எழுத்துத் தாள் 45 நிமிடம். முதல் கேள்விக்கு 40 முதல் 50 சொற்களில் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு செய்தி எழுத வேண்டும். இரண்டாம் கேள்விக்கு 120 முதல் 140 சொற்களில் கடிதமோ அறிக்கையோ முன்மொழிவோ எழுத வேண்டும். இந்தச் சொல்வரம்பு எனக்குப் பேருதவியாக இருந்தது. 50 சொற்களுக்குள் மூன்று தகவல்களைச் சொல்ல வேண்டும் என்றால், நலம் விசாரிப்புக்கும் மன்னிப்புக்கும் நன்றிக்கும் இடம் கிடைக்காது. விண்ணப்ப நடையை நான் வாதிட்டு வெல்ல முடியாத இடத்தில் சொல்வரம்பு வென்றது. ஆனால், அதே தேர்வு வேறொரு தீங்கையும் செய்கிறது. சொல்ல வேண்டிய குறிப்புகள் அனைத்தையும் கேள்வித்தாளே தந்துவிடுவதால், எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று யோசிக்கும் வேலை மாணவருக்கு இல்லாமல் போகிறது. துணி ரோலில் இருக்கிறதா என்று அந்த மாணவி கேட்ட கேள்விக்கு அத்தேர்வில் இடமில்லை.

பல்கலைக்கழகத் தாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நல்ல வணிகக் கடிதத்தின் இன்றியமையாக் கூறுகளை விளக்குக என்பது அதில் நிரந்தரக் கேள்வி. தெளிவு, சுருக்கம், முழுமை என்று தொடங்கி நான்கு பக்கம் எழுதும் மாணவர் முழு மதிப்பெண் பெறுவார். அந்த நான்கு பக்கத்தில் தெளிவும் இருக்காது, சுருக்கமும் இருக்காது. இறுதித் தேர்வுக்கு 75 மதிப்பெண், இன்டர்னலுக்கு 25 என்ற பிரிவினையில், ஆசிரியருக்கு விட்டுவைக்கப்பட்ட அந்த 25-ஐக் கொண்டே இந்த ஆய்வில் விவரிக்கப்படும் அனைத்தும் நடத்தப்பட்டன. அரியர் வைத்துவிடுவோமோ என்ற அச்சம் இருந்ததால், செமஸ்டரின் கடைசி வாரங்களைப் பழைய கேள்வித்தாள்களுக்கே கொடுத்தேன். அதற்கு நான் வருந்தவும் இல்லை, ஏனெனில் பட்டம் இல்லாமல் போனால் மெயில் எழுதும் வேலையே கிடைக்காது.

செங்கடல் கடிதம்

செமஸ்டர் நடந்துகொண்டிருந்தபோது உலகச் செய்தி ஒன்று வகுப்புக்குள் தானாக வந்தது. 2023 நவம்பரில் தொடங்கிய ஹூதி தாக்குதல்களால், பெரிய கப்பல் நிறுவனங்கள் டிசம்பரிலிருந்து செங்கடலையும் சூயஸ் கால்வாயையும் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கின. ஐரோப்பாவுக்குச் செல்லும் சரக்கு சுமார் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை தாமதமானது. கப்பல் கட்டணமும் ஏறியது. திருப்பூரிலிருந்து தூத்துக்குடி வழியாக ஐரோப்பாவுக்கு ஆடை போவது மாணவர்களுக்குத் தெரிந்த சங்கதி. எனவே, கப்பலில் ஏற்றியாகிவிட்ட சரக்கு தாமதமாகவே வந்து சேரும் என்று ஐரோப்பிய பையருக்கு 140 சொற்களுக்குள் எழுதும் பணி தரப்பட்டது, விற்பனை எஃப்.ஓ.பி. முறையில் என்றும் குறிப்பிடப்பட்டிருந்தது.

அடுத்த நாள் வந்த கடிதங்களில் கணிசமானவை செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதப்பட்டவை. அதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் திறமை எதுவும் தேவைப்படவில்லை; ‘ஐ ஹோப் திஸ் இமெயில் ஃபைன்ட்ஸ் யூ வெல்’ என்று ஒரே வகுப்பில் இத்தனை பேருக்கு ஒரே இரவில் தோன்றாது. நான் யாரையும் கண்டிக்கவில்லை. வேலையில் அவர்கள் அதைப் பயன்படுத்தத்தான் போகிறார்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் தம் கடிதத்தில் நிறுவனத்தின் சார்பில் என்னென்ன வாக்குறுதி அளித்திருக்கிறார்கள் என்று அடிக்கோடிட்டு, அதற்கு யார் பணம் கொடுப்பார் என்று எதிரில் எழுதச் சொன்னேன்.

அடிக்கோடிட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பல கடிதங்கள் தாமதத்துக்கு முழுமனதுடன் மன்னிப்புக் கேட்டிருந்தன. சில, ஏற்பட்ட சிரமத்துக்கு ஈடுசெய்யத் தயாராக இருப்பதாகச் சொன்னன. ஒன்று, தேவைப்பட்டால் எஞ்சிய சரக்கை விமானத்தில் அனுப்பும் வாய்ப்பை ஆராய்வோம் என்றது. எஃப்.ஓ.பி. விற்பனையில் சரக்கைக் குறித்த துறைமுகத்தில் கப்பலில் ஏற்றியவுடன் இழப்பின் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. கப்பலை அமர்த்துவதும் வாடகை கொடுப்பதும் அவரே. நடுக்கடலில் நேரும் தாமதத்துக்கு ஏற்றுமதியாளர் ஈடுசெய்கிறேன் என்று எழுதிக் கொடுப்பது, கேட்காத கடனுக்குக் கையெழுத்துப் போடுவதாகும். விமானக் கட்டணமோ, ஒரு டி-ஷர்ட்டில் கிடைக்கும் லாபத்தை முழுவதுமாக விழுங்கிவிடக்கூடியது. எஃப்.ஓ.பி. என்றால் என்ன என்று இம்மாணவர்கள் வணிகத் தாளில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தார்கள். அது இங்கே, இந்த வாக்கியத்தில், தம்மைக் கட்டுப்படுத்துகிறது என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

இந்நிகழ்வில் நான் முக்கியமாகக் கருதுவது, செயலியின் குணமும் விடுப்பு விண்ணப்பத்தின் குணமும் ஒன்றோடொன்று பொருந்திப்போனதை. செயலி எழுதிய ஆங்கிலம் மாணவர்களுடையதைவிடப் பன்மடங்கு வழவழப்பானது. ஆனால், அதுவும் மன்னிப்புக் கேட்டே தொடங்கியது, எதிரில் இருப்பவரை மகிழ்விக்கவே முயன்றது. அதனால்தான் அது சரியாக இருப்பதாக மாணவர்களுக்குப் பட்டது. தவறான ஆங்கிலத்தில் பணிவதற்குப் பதிலாகப் பிழையற்ற ஆங்கிலத்தில் பணிய அது உதவியது. பி2 நிலையின் மொழியைச் செயலி இனி எவருக்கும் கொடுத்துவிடும். தான் எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்று படித்துப் பார்க்கும் திறனை ஆசிரியர்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. இப்போது வாக்குறுதிகளை அடிக்கோடிடும் இந்தப் பயிற்சியை எல்லாக் கடிதங்களுக்கும் நிரந்தரமாக்கிவிட்டேன்.

பேச்சு

பேச்சுப் பயிற்சியில் சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் இல்லை. வேன்டேஜ் தேர்வில் இருவர் சேர்ந்து சுமார் 14 நிமிடம் பேச வேண்டும். அந்த முறையை வகுப்பில் நடத்திப் பார்த்தபோது, ஒரு நிமிடச் சிற்றுரையை எல்லோரும் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள், இணைந்து கலந்துரையாடும் பகுதியில் ஒருவர் பேசி மற்றவர் தலையாட்டினார். ஸ்பெயின், ஜெர்மனி, டென்மார்க் போன்ற நாடுகளின் பையர்களும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவே பேசுகிறார்கள் என்பதால் அவர்களுடைய உச்சரிப்புக்குக் காது பழக வேண்டும். அதற்கான ஒலிப்பதிவுகள் எங்களிடம் போதுமான அளவு இல்லை. கிடைத்த பாடநூல் ஒலிப்பதிவுகளில் பேசியவர்கள் அனைவரும் லண்டன் வானொலி அறிவிப்பாளர்களைப் போல ஒலித்தார்கள்.

மதிப்பீடு

செமஸ்டர் முடிவில் அதே சைஸ் செட் சூழலின் இன்னொரு வடிவம் தரப்பட்டது. இம்முறை எழுதிய மெயில்களில் தேதி முதலிலேயே சொல்லப்பட்டிருந்தது. பொருள் வரியில் ஸ்டைல் எண் இருந்தது. பையர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது பெரும்பாலான மெயில்களில் கேள்விக்குறியுடன் தனி வரியாக நின்றது. காலம் காட்டும் வினைகளும் ஆர்ட்டிகிள்களும் முன்பு இருந்த அளவிலேயே தவறிக்கொண்டிருந்தன. வெளித்தேர்வின் கட்டணம் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் யாரும் அதை எழுதவில்லை. ஆகவே, பி1-இலிருந்து எத்தனை பேர் நகர்ந்தார்கள் என்று சொல்ல என்னிடம் அளவு எதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு வகுப்பும் இல்லை. மெயில்களைப் படித்த ஒரு மூத்த மெர்ச்சண்டைசர், கடைசி மெயில்களில் பெரும்பாலானவற்றைத் தன் அலுவலகத்திலிருந்து திருத்தாமலேயே அனுப்பலாம் என்றார்; அதே மூச்சில், எல்லோரும் கேள்வியைக் கடைசி வரியில் வைக்கிறார்கள், போனில் மெயில் படிக்கும் பையர் அவ்வளவு தூரம் கீழே வரமாட்டார் என்றும் சொன்னார். அது சரியான குறை. காரணத்திலிருந்து கோரிக்கைக்குப் போகும் பழைய வரிசை, குழைவு போன பிறகும் ஓரளவு தங்கியிருக்கிறது.

எஞ்சியிருக்கும் பெரிய சிக்கல் திருத்தும் சுமை. அறுபது பேர் கொண்ட வகுப்பில் வாரம் ஒரு மெயிலை ஒரே ஆசிரியர் படித்துத் திருப்பித் தருவது நடக்காத காரியம். அதனால், அடுத்த அணியில் ஒரு மாற்றம் செய்யப்பட்டுள்ளது: ஒவ்வொரு மெயிலையும் பையராக நடிக்கும் வேறொரு மாணவர் படிக்கிறார், மேற்கொண்டு எதையும் கேட்காமல் அவரால் முடிவெடுக்க முடிந்தால் மெயில் தேறியது, ஒரு கேள்வி கேட்க வேண்டிவந்தால் தேறவில்லை. இலக்கணம் பார்ப்பதில்லை. நண்பருக்கு மதிப்பெண் போய்விடுமே என்று கேள்வி கேட்காமல் விட்டுவிடும் பையர்கள் இருப்பதால், மெயிலையும் பதிலையும் பெயரில்லாமல் எண் மட்டும் போட்டு, ‘ஏ’ பிரிவின் மெயில்களை ‘பி’ பிரிவுக்கும் ‘பி’ பிரிவினுடையதை ‘ஏ’ பிரிவுக்கும் மாற்றிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். சைஸ் செட், லேப் டிப் சூழல்களை மூன்றாம் செமஸ்டருக்கு முன்னகர்த்தி, நான்காம் செமஸ்டரை வீடியோ அழைப்புகளுக்கு ஒதுக்கும் திட்டம் துறைத் தலைவரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.